ரெட் ஹேட் லினக்ஸில் நெட்வொர்க் ஸ்கிரிப்டுகளிலிருந்து கீஃபைலுக்கு

ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸில் நெட்வொர்க் அமைப்பு நெடுங்காலம் ஒரே டைரக்டரியில், நெட்வொர்க்-ஸ்கிரிப்ட்ஸில், அடங்கியிருந்தது. ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் ‘ஐஎஃப்சிஎஃப்ஜி’ என்று தொடங்கும் ஒரு ஃபைல். ஐபி முகவரி, கேட்வே, டிஎன்எஸ் எல்லாம் அதில் ஷெல் மாறிகளாக இருக்கும். ‘இஃப்அப்’ ஸ்கிரிப்ட் அதைப் படித்து கார்டை இயக்கும். இடையில் வேறு யாரும் இல்லை.

7ஆம் பதிப்பில் (2014) நெட்வொர்க்மேனேஜர் சேவை முதன்மையானது. 8இல் (2019) பழைய ஸ்கிரிப்டுகள் தானாக நிறுவப்படுவது நின்றது. 9இல் (2022) அந்த ஸ்கிரிப்டுகளின் பேக்கேஜே போய்விட்டது. புதிய புரொஃபைல்கள் நெட்வொர்க்மேனேஜரின் கீஃபைல் வடிவில் சிஸ்டம்-கனெக்‌ஷன்ஸ் டைரக்டரியில் சேர்ந்தன, பழைய ஐஎஃப்சிஎஃப்ஜி ஃபைல்களும் தொடர்ந்து படிக்கப்பட்டன. 10இல் (2025) அதுவும் இல்லை. ஆகவே 9இலேயே ‘என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மைக்ரேட்’ கொடுத்து அவற்றைக் கீஃபைலாக மாற்றிவிடுவது நல்லது.

வடிவம் மாறியது சிறிய விஷயம். ஓரிரு நாளில் பழகிவிடும். நிர்வாகிகளைத் தடுமாற வைப்பது வேறொன்று. இப்போது ஒரே அமைப்பு மூன்று இடங்களில் இருக்கிறது: டிஸ்கில் உள்ள ஃபைல், நெட்வொர்க்மேனேஜர் நினைவில் வைத்திருக்கும் புரொஃபைல், கெர்னலில் உண்மையில் இயங்குவது. ஃபைலைக் கையால் திருத்தினால் ‘ரீலோட்’ கொடுக்கும்வரை நெட்வொர்க்மேனேஜருக்கு அது தெரியாது. ரீலோட் கொடுத்தாலும் இயங்கும் முகவரி மாறாது. ‘கனெக்‌ஷன் அப்’ கொடுத்தால்தான் மாறும். ‘மாடிஃபை’ கட்டளை முதல் இரண்டையும் ஒருசேர மாற்றும், மூன்றாவதைத் தொடாது. முகவரியைத் தவறாகத் தட்டிவிட்டு அப்படியே விட்டால், என்றோ ஒரு நாள் சர்வர் ரீபூட் ஆகும்போதுதான் குட்டு உடையும். அன்று கன்சோலில் உட்காரும் ஆளுக்கு யார், எப்போது மாற்றினார்கள் என்று சட்டென்று தெரியாது. மாற்றிய கையோடு ‘அப்’ கொடுத்து, ‘ஐபி அட்ரஸ்’ காட்டுவதைப் புரொஃபைலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு.

எஸ்எஸ்ஹெச் வழியாக இதைச் செய்யும்போது ‘டவுன்’ கொடுத்துவிட்டு ‘அப்’ கொடுக்கும் பழைய பழக்கம் ஆபத்தானது. டவுன் ஆனதும் செஷன் அறுந்துவிடும். அடுத்த கட்டளை போய்ச் சேராது. ‘அப்’ மட்டுமே போதும். மாற்றத்தைத் தொடங்கும் முன்பாகவே, நடப்புப் புரொஃபைலைக் குளோன் செய்து, அதன் ஆட்டோகனெக்டை அணைத்து வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து அந்தக் குளோன் எழும்படி ‘அட்’ கட்டளையில் ஒரு வேலையும் போட்டுவைக்க வேண்டும். மாற்றம் சரியென்றால் அந்த வேலையை ரத்து செய்துவிடலாம். உபுண்டுவின் ‘நெட்பிளான் ட்ரை’ இதைத் தானாகவே செய்கிறது: 120 விநாடிக்குள் உறுதிசெய்யாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும்.

கீஃபைலைக் கையால் உருவாக்குவோர் பெர்மிஷனைக் கவனிக்க வேண்டும். உரிமையாளர் ரூட்டாகவும் பெர்மிஷன் 600 ஆகவும் இருக்க வேண்டும். மற்றவர்களும் படிக்கலாம் என்றிருந்தால் நெட்வொர்க்மேனேஜர் அந்த ஃபைலை ஒதுக்கிவிடும். காரணம் ஜர்னலில் கிடைக்கும்.

இன்டர்ஃபேஸ் எழுந்ததும் ஓடும்படி ‘இஃப்அப்-லோக்கல்’ ஸ்கிரிப்டில் எழுதிவைத்த வேலைகளை மைக்ரேட் கட்டளை கொண்டுவராது. அவற்றை நெட்வொர்க்மேனேஜரின் டிஸ்பேட்சர் டைரக்டரிக்குத் தனி ஸ்கிரிப்டாக மாற்ற வேண்டும். அது எக்ஸிக்யூட்டபிளாகவும், ரூட் தவிர யாரும் எழுத முடியாததாகவும் இருக்க வேண்டும். இன்டர்ஃபேஸின் பெயர் முதல் ஆர்குமென்டாகவும், நிகழ்ந்த செயல் இரண்டாவதாகவும் வரும். எல்லா இன்டர்ஃபேஸுக்கும் பல்வேறு நிகழ்வுகளுக்கும் இந்த ஸ்கிரிப்ட் அழைக்கப்படுவதால், தேவையான இன்டர்ஃபேஸும் ‘அப்’ நிகழ்வும்தானா என்று தொடக்கத்திலேயே சோதித்து, மற்றவற்றுக்கு உடனே வெளியேறிவிட வேண்டும்.