பயனில்லாத மாற்றத்தால் என்ன பயன்?

பரிணாமத்தில் ஒவ்வொரு மாற்றமும் முன்னதைவிட ஒரு படி மேலானதாக இருந்தாக வேண்டும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படியானால் பாதி உருவான உறுப்பால் என்ன லாபம் என்ற கேள்வி வருகிறது. ரயில்வே சிக்னல் பிரிவில் வயர்களோடு காலம் தள்ளிய எனக்கு இது நியாயமான கேள்வியாகவே படுகிறது.

1968-ல் ஜப்பானிய விஞ்ஞானி மோட்டோ கிமூரா ஒரு கருத்தை முன்வைத்தார். மூலக்கூறு அளவில் நிலைத்துவிடும் மாற்றங்களில் பெரும்பாலானவை நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை என்பது அது. மரபுக் குறியீட்டில் மூன்று எழுத்து சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். முதல் இரண்டும் 'ஜி' என்றால், மூன்றாவது எழுத்து நான்கில் எதுவானாலும் கிளைசின்தான் கிடைக்கும். இதுவே நடுநிலை மாற்றம்.

உயிர்களின் மூதாதையர் வரிசையை ஒரு படி விடாமல் பார்க்க வழியில்லை. கணிப்பொறியில் உண்டு. 1990-களில் கிறிஸ் அடாமி, சார்லஸ் ஓஃப்ரியா, டைட்டஸ் பிரௌன் ஆகியோர் 'அவிடா' என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். அதில் 'உயிர்' என்பது தன்னைத்தானே நகலெடுக்கும் ஒரு சிறு நிரல். நகலெடுக்கையில் அவ்வப்போது ஒரு கட்டளை பிசகும். தர்க்கக் கணக்குகளைச் செய்துகாட்டும் நிரலுக்குக் கணிப்பொறியின் நேரம் கூடுதலாகக் கிடைக்கும். அது வேகமாகப் பெருகும்.

2003-ல் ரிச்சர்ட் லென்ஸ்கி, ஓஃப்ரியா, ராபர்ட் பென்னாக், அடாமி நால்வரும் 'நேச்சர்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தொடக்க நிரலில் 50 கட்டளைகள். நகலெடுப்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. பரிசுக்குரிய கணக்குகளில் கடினமானது, இரண்டு எண்களை இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டு ஒத்த இடங்களைக் காட்டுவது. மாடிப்படி விளக்கின் இரண்டு சுவிட்சுகளும் ஒரே பக்கம் இருந்தால் விளக்கு எரிகிறதல்லவா, அதே தர்க்கம்தான். 50 கூட்டங்களில் 23 இதைக் கண்டுகொண்டன.

அவற்றில் ஒன்றின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பார்த்தார்கள். மொத்தம் 111 படிகள். நன்மை தந்தவை 45, தீமை தந்தவை 18, நடுநிலையானவை 48!

சும்மா இருக்கும் மாற்றம் எப்படி உதவும்? ரிலே அறையில் காலி டெர்மினலுக்கு ஒரு வயர் இழுத்து வைத்தால் இன்று எந்த சிக்னலும் மாறாது. நாளை அங்கே ஒரு ரிலே சேர்ந்தால் அதே வயர் சர்க்யூட்டின் அங்கமாகிவிடும். நாங்கள் வரைபடம் பார்த்து இழுப்போம். நிரலுக்கு வரைபடமும் கிடையாது, இன்ஜினியரும் கிடையாது. பிசகாக வந்து சேர்ந்த கட்டளை, தொந்தரவு தராததால் தங்கிவிடுகிறது. பிறகு நேரும் இன்னொரு பிசகோடு சேர்ந்து வேலைக்கு வருகிறது.

இதில் என்னை அசத்தியது கடைசிக்கு முந்தைய படி. அது நடுநிலைகூட அல்ல, பெருக்கத்தைக் குறைத்த கெட்ட மாற்றம். ஆனால் அதை நீக்கிப் பார்த்தபோது, அடுத்த படியில் கிடைத்த அந்தக் கடினமான திறனும் போய்விட்டது.

நடுநிலை மாற்றங்களே எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். எளிய கணக்குகளுக்குப் பரிசே தராமல், கடினமானதற்கு மட்டும் தந்து வேறு 50 கூட்டங்களை ஓடவிட்டார்கள். அவற்றில் ஒன்றுகூட அதை எட்டவில்லை.