மார்பகப் புற்றுநோய்: ஆரம்ப நிலை என்றால் என்ன செய்யலாம்?

● பயாப்சி (திசுப் பரிசோதனை) எடுத்தால் நோய் பரவிவிடும் என்பது வீண் பயம். அது இல்லாமல் சிகிச்சையைத் திட்டமிட முடியாது.

● பயாப்சி ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர். (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (ஒரு புரதம்) என்ற மூன்றையும் பாருங்கள். எந்த மருந்து பலன் தரும் என்பதைச் சொல்பவை இவைதான்.

● மார்பகம் முழுவதையும் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கட்டியை மட்டும் அகற்றி ரேடியேஷன் கொடுத்தாலும் உயிர்வாழும் வாய்ப்பு குறைவதில்லை என்பதை 2002-ல் வெளியான 20 ஆண்டு ஆய்வுகள் உறுதி செய்தன. உங்களுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள்.

● ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால் டாமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் மாத்திரை, 5 முதல் 10 ஆண்டு வரை. நீங்களாக நிறுத்த வேண்டாம்.

● ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் கீமோவோடு டிராஸ்டுசுமாப் ஊசி, வழக்கமாக ஓராண்டு.

● கீமோ எல்லோருக்கும் தேவைப்படாது. குழந்தை பெறும் எண்ணம் இருந்தால், கீமோ தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். கருமுட்டையை உறைய வைக்க வழி உண்டு.

● பயாப்சியில் எடுத்த திசு இருக்கும் ஸ்லைடு, பிளாக் இரண்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்க அவை தேவைப்படும்.

● டாக்டரைப் பார்க்கத் தனியாகப் போகாதீர்கள். கேள்விகளை எழுதிக்கொண்டு, வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.