ஐந்துக்குக் குறைந்தால் சோதனை செல்லாதா?

நம்பிக்கை: அட்டவணையின் எந்தக் கட்டத்திலாவது எண் 5க்குக் கீழே போனால் கை-வர்க்கச் சோதனை செல்லாது.

உண்மை: பார்க்க வேண்டியது கட்டத்தில் விழுந்த எண்ணை அல்ல, இன்மை எடுகோளின்படி அங்கே விழுந்திருக்க வேண்டிய எண்ணை. எதிர்பார்த்தது 9 என்றால், கண்டது சுழியானாலும் கவலையில்லை. அந்த 5 எந்தத் தேற்றத்திலிருந்தும் வந்ததுமில்லை. கார்ல் பியர்சன் 1900இல் தந்த முறை, மாதிரி பெருகப் பெருகத் துல்லியமாகும் ஒரு தோராயம். எல்லைக்கோடு பின்னால் வந்தவர்கள் அனுபவத்தில் போட்டது. 1954இல் புள்ளியியலாளர் காக்ரன் அதைத் தளர்த்தினார்: ஐந்தில் ஒரு பங்குக் கட்டங்கள் 5க்குக் கீழே இருக்கலாம், எதுவும் 1க்குக் கீழே போகக்கூடாது. இது தெரியாமல், 5ஐ எட்டுவதற்காக ‘ஒருபோதும் இல்லை’, ‘எப்போதாவது’ ஆகிய விடை வகைகளை ஒன்றாக்கிவிடும் ஆய்வேடுகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. கேட்க வந்த கேள்வியே அங்கே அழிந்துபோகிறது.

நம்பிக்கை: தோராயம் எவ்வளவு பிசகுகிறது என்று அளக்க வழியில்லை.

உண்மை: கணினியில் சில நொடி வேலை. புள்ளியியலாளர் ஃபிஷரின் புகழ்பெற்ற தேநீர்ச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 8 கோப்பைகள், 4இல் முதலில் பால், 4இல் முதலில் தேநீர். சுவைப்பவர் எட்டையும் சரியாகச் சொல்லிவிட்டார் என்று கொள்வோம். உண்மையையும் அவர் விடையையும் அட்டவணையாக்கினால், நான்கு கட்டங்களிலும் எதிர்பார்ப்பு 2தான். கை-வர்க்க மதிப்பு 8, பி-மதிப்பு 0.005. இப்போது விடைகளை மட்டும் குலுக்கிக் கலைத்து, கூட்டுத்தொகைகள் மாறாமல் 10,000 அட்டவணைகள் உருவாக்குங்கள். அவற்றில் ஏறக்குறைய 286 இதே அளவு விலகியிருக்கும். அதாவது பி-மதிப்பு 0.029, தோராயம் சொன்னதைப்போல் ஆறு மடங்கு. சேர்மானக் கணக்கும் 70இல் 2 என்று அதையே சொல்கிறது. ஆர் மென்பொருளின் கை-வர்க்கச் சோதனையிலேயே இந்த வசதி உண்டு. நீங்களாக எண்ணிக்கை தராவிட்டால் 2,000 அட்டவணைகள்தான் உருவாக்கும், 0.05 அருகே விடை 0.01 வரை ஆடும். 10,000க்கு மேல் கேளுங்கள்.

அரிதான ஒற்றைக் கட்டம் இன்னும் ஆபத்தானது. இரண்டே வகைகள், 1,000 பேர், ஒரு வகையில் எதிர்பார்ப்பு 0.02 என்று கொள்வோம். அங்கே ஒருவர் வந்துவிட்டாலே கை-வர்க்க மதிப்பு 48ஐத் தொடும்; தோராயக் கணக்கில் அது லட்சம் கோடியில் நான்கு வாய்ப்பு. உண்மையில் நூற்றுக்கு இரண்டு முறை நடக்கக்கூடியது!

நம்பிக்கை: இப்படிக் கணினியில் உருவகப்படுத்தினால் சிறிய மாதிரியின் குறை தீர்ந்துவிடும்.

உண்மை: பி-மதிப்புதான் சீராகும், தரவு கூடாது. அதே தேநீரில் ஒரே ஒரு சோடி மாறிப்போய் இரு பக்கமும் 3 சரி, 1 தவறு என்றால், சரியான பி-மதிப்பு 0.49. எட்டுக் கோப்பைகளில் திறமையைக் காட்டி 5 சதவீத எல்லையைத் தாண்ட, எட்டையும் சரியாகச் சொல்வதைத் தவிர வேறு வழியே சுவைப்பவருக்கு இல்லை. உண்மையாகவே நாவறிவு உள்ளவர் ஓரிடத்தில் தடுமாறினால், எத்தனை லட்சம் அட்டவணைகளைக் குலுக்கினாலும் அவருடைய திறமை இந்தச் சோதனையில் தெரியாது. கோப்பைகளைத்தான் கூட்ட வேண்டும்.