குதிரை நடையிலிருந்து ஒரு பாடம்

மூளை முடக்குவாதம் உள்ள மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு என் ஏழாம் வகுப்பில் இருந்தாள். விளையாட்டுப் பாடவேளையில் அவளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, மற்ற பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்வேன். அவளுக்கும் ஒரு பொறுப்பு கொடுத்துவிட்ட நிறைவு எனக்கு. வட்டார வள மையத்திலிருந்து வரும் இயன்முறை மருத்துவர் ஒருநாள், "நாள் முழுக்க உட்கார்ந்தேதான் இருக்கிறாளா டீச்சர்? இடுப்பு இறுகிப் போயிருக்கிறதே" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. வெளிநாடுகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் குதிரை மேல் ஏற்றிப் பயிற்சி தருவார்கள் என்று போகிற போக்கில் அவர்தான் சொன்னார். தேடிப் படித்தபோது கிடைத்தவர் லிஸ் ஹார்ட்டெல்.

டென்மார்க்கில் 1921இல் பிறந்த லிஸ், சிறுவயது முதலே குதிரையோடு வளர்ந்தவர். 1944இல், 23 வயதில், கருவுற்றிருந்தபோது அவரைப் போலியோ தாக்கியது. குழந்தை நலமாகப் பிறந்தது; ஆனால் தாயின் கால்கள் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தன. தவழப் பழகி, ஊன்றுகோலுடன் நடக்கப் பழகி, பிறர் தூக்கி ஏற்றிவிட மறுபடியும் குதிரை மேல் அமர்ந்தார்.

அவருடைய போட்டி 'டிரெஸ்ஸாஜ்' எனப்படுவது. இதில் வேகத்துக்கு வேலையில்லை. சவாரி செய்பவரின் நுண்ணிய குறிப்பறிந்து குதிரை நடப்பதும் திரும்புவதும் பின்வாங்குவதுமே மதிப்பெண் பெறும். அந்தக் குறிப்புகளில் பெரும்பங்கு கால்களால் தரப்படுவது. லிஸ்ஸுக்கு அது இயலாது. முதுகையும் இருக்கையில் தன் எடையையும் லேசாக மாற்றி 'ஜூபிலி' என்ற தன் குதிரையோடு பேசக் கற்றுக்கொண்டார். ஜூபிலியும் அந்த மொழியைக் கற்றுக்கொண்டது.

அதுவரை ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் பெரும்பாலும் இராணுவ அதிகாரிகளுக்கே இடம். 1952 ஹெல்சிங்கி போட்டியில்தான் டிரெஸ்ஸாஜில் பெண்கள் அனுமதிக்கப்பட்டனர். நான்கு பெண்கள் ஆண்களோடு சேர்ந்து போட்டியிட்டார்கள். லிஸ் வெள்ளி வென்றார். மூன்றாமிடம் பெற்றவரைவிட அரை மதிப்பெண் அதிகம்! பதக்க மேடையில் ஏற அவருக்குக் கைகொடுத்தவர் தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் ஹென்றி செயின்ட் சிர். 1956இலும் லிஸ் வெள்ளி வென்றார். பின்னர் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றப் பயிற்சியைப் பரப்புவதில் ஈடுபட்டு, 2009இல் காலமானார்.

வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. குதிரை அவரைக் குணப்படுத்திவிட்டதாகச் சொல்லிவிடாதீர்கள். அவர் கால்கள் கடைசிவரை சரியாகவில்லை.

அப்படியானால் குதிரை என்னதான் செய்கிறது? இதை ஒரு செயல்பாடாகவே நடத்தலாம். மாணவர்கள் இரு கைகளையும் தம் இடுப்பெலும்பின் மேல் வைத்துக்கொண்டு பத்தடி மெதுவாக நடக்கட்டும். இடுப்பு ஏறி இறங்குவதும், முன்னும் பின்னும் சாய்வதும், இடமும் வலமும் திரும்புவதும் கைக்குத் தெரியும். குதிரை நடக்கும்போது அதன் முதுகில் அமர்ந்திருப்பவரின் இடுப்புக்கும் ஏறக்குறைய இதே மூவகை அசைவு கிடைக்கிறது. தானே நடக்க முடியாத பிள்ளையின் உடல், நடப்பது எப்படியிருக்கும் என்பதை உணர்கிறது. விழாமல் இருக்க முதுகுத் தசைகள் ஓயாமல் வேலை செய்கின்றன. குதிரையின் உடற்சூடும் சீரான தாளமும் இறுகிய தசைகளைத் தளர்த்துகின்றன.

பயிற்சியின்போது ஒருவர் குதிரையைப் பிடித்து நடத்த, இருபுறமும் தேவைக்கேற்ப இருவர் உடன் நடப்பார்கள். தலைக்கவசம் கட்டாயம். மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் தொடங்குவதில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்தெலும்பு உறுதியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மெரினாவில் காசு கொடுத்து ஏறும் சவாரியைப் பெற்றோர் இதோடு குழப்பிக்கொள்ளாமல் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் பள்ளிகளில் குதிரை ஏது என்பீர்கள். குதிரையில்லாமலே அதன் நடையைக் கொண்டுவரலாம். இருவரை ஒருவர்பின் ஒருவராக நிறுத்துங்கள். முன்னவர் முன்னங்கால்கள், பின்னவர் பின்னங்கால்கள். முதலில் பின்னவரின் இடக்கால், பிறகு முன்னவரின் இடக்கால், அடுத்துப் பின்னவரின் வலக்கால், கடைசியாக முன்னவரின் வலக்கால். 'தகதிமி' சொல்லிக்கொண்டே நடந்தால் நான்கு தட்டும் சமமாக விழும். முன்னவர் அவசரப்பட்டால் குதிரை உடைந்துவிடும். அறிவியல் பாடத்தில் விலங்குகளின் இடப்பெயர்ச்சிக்கும் இது பொருந்தும்.

இதைச் செய்தபோது என் மாணவி தானாக எழுந்து வந்து, "நான் பின்னங்கால் டீச்சர்" என்றாள். முன்னால் நின்ற தோழியின் தோள்களைப் பிடித்துக்கொண்டாள். இயன்முறை மருத்துவரிடம் முன்பே கேட்டிருந்ததால் நானும் தயங்கவில்லை, பக்கத்திலேயே நடந்தேன். அவள் ஓரடி வைக்க நேரமானது. பின்னங்கால் வைக்காமல் முன்னங்கால் எடுக்கக் கூடாது என்பது விதி, தோழி காத்திருந்தாள். 'தகதிமி' வெகு நிதானமாகத்தான் வந்தது. வகுப்பு வாசலிலிருந்து வேப்பமரம் வரை போய்த் திரும்பினார்கள். தண்ணீர் பாட்டில்கள் அன்று திண்ணையில் கேட்பாரற்றுக் கிடந்தன.