4 ஜிபியில் மீதி எங்கே?

கேள்வி: மகளின் படிப்புக்காகப் பாவித்த கணனி ஒன்று வாங்கினேன். ராம் 4 ஜிபி என்றார்கள். 3.4 ஜிபிதான் பயன்படும் என்று திரையில் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், சல்லி, திருகோணமலை

பதில்: பெரும்பாலும் இல்லை. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணனியில், திரைக்கான நினைவகமும் ராமிலிருந்துதான் போகிறது. 32 பிட் விண்டோஸாக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு: அதன் முகவரி எண்களே 4 ஜிபியோடு முடிந்துவிடும், அதிலும் மற்றச் சாதனங்களுக்குப் பங்கு வேண்டும்.

கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ், பிறகு மெமரி. மொத்த அளவு, இப்போது செலவாவது இரண்டும் அங்கே தெரியும். 'கேஷ்ட்' எண் பெரிதாக இருந்தால் பயப்படாதீர்கள். அண்மையில் திறந்தவற்றை விண்டோஸ் கைவசம் வைத்திருக்கிறது, தேவை வந்ததும் இடம் விட்டுவிடும். மகள் படிக்கும் நேரத்தில் பார்ப்பதுதான் சரியான சோதனை. உலாவியில் திறந்துகிடக்கும் பக்கங்களே அதிகம் விழுங்கும். முதலில் அவற்றை மூடிப் பாருங்கள்.

அப்போதும் நினைவகச் செலவு 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ராம் கூட்டலாம். 'ஸ்லொட்ஸ் யூஸ்ட்' என்ற வரி காலி இடம் உண்டா என்று சொல்லும். வாங்குமுன் வகையைக் குறித்துக்கொள்ளுங்கள்: டிடிஆர்3 இருக்கும் இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது.