விமான நிலைய ஆற்றுப்படை

ஆற்றுப்படை என்னும் நூல்வகையை நம் கல்லூரி மாணவர் யாவரும் அறிவர். வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவனுக்கு, இன்ன வழியே செல்க, இவ்விடத்தில் இன்ன இடர் உண்டு, இவ்வூரில் இன்ன உணவு கிடைக்கும் என்று எடுத்துரைத்து வழிப்படுத்துவது அதன் இயல்பு. முன் சென்றவன் பெற்ற அறிவு பின் வருபவனுக்குத் துணையாதல் வேண்டும் என்னும் கருத்தே அதற்கு உயிர். அத்தகைய துணை இக்காலத்தில் மிகுதியும் வேண்டப்படும் இடங்களுள் ஒன்று பெரியதொரு சர்வதேச விமான நிலையமாகும். அங்கு வழியறிந்து செல்லும் முறையை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக நெதர்லாந்து நாட்டிலுள்ள ஆம்ஸ்டர்டாம் நகரின் ஸ்கிபோல் நிலையத்தைக் கொள்வோம். அந்நிலம் ஒருகாலத்தில் பெரியதோர் ஏரியின் அடியாயிருந்தது. 1852 இல் ஏரிநீர் முழுவதும் இறைக்கப்பெற்று நிலமாயிற்று. 1916 இல் இராணுவ விமானங்கள் இறங்கும் திடலாயிற்று. இன்றும் அத்தளம் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 3 மீட்டர் தாழ்ந்தே உள்ளது. 2019 ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறத்தாழ 7 கோடியே 17 இலட்சம் பிரயாணிகள் அதன் வழியே சென்றனர். இத்துணைப் பெருங்கூட்டத்தைக் காணும் புதியவர் திகைத்தல் இயல்பே. ஆயினும் அக்கூட்டம் ஒழுங்கற்றதன்று. எழுத்தறியாதான் கண்ணுக்கு ஏடு வெறுங்கீறலாகத் தோன்றுமாறு போல, முறையறியாதான் கண்ணுக்கு நிலையம் குழப்பமாகத் தோன்றுகின்றது. அதற்கும் ஓர் இலக்கணம் உண்டு. அதனைக் கற்றார்க்கு அச்சமில்லை.

புறப்படும் பிரயாணி கடக்கவேண்டிய படிகள் நான்கு. பெட்டிகளை ஒப்படைத்துப் போர்டிங் பாஸ் பெறுதல் முதலாவது. உடலும் கைப்பையும் சோதிக்கப்பெறுதல் இரண்டாவது. பாஸ்போர்ட்டைக் காட்டி நாட்டின் எல்லையைக் கடத்தல் மூன்றாவது. விமானத்திற்குரிய வாயிலை அடைதல் நான்காவது. இவற்றின் வரிசை நிலையத்திற்கு நிலையம் சிறிது வேறுபடினும், இவையல்லாத புதுப்படி பெரும்பாலும் இல்லை. ஆதலின் தாம் எப்படியில் நிற்கின்றோம், அடுத்தது யாது என்னும் இரண்டனையும் அறிந்தவர் எத்துணைப் பெரிய மண்டபத்திலும் வழி தவறார்.

போர்டிங் பாஸில் முதற்கண் நோக்கவேண்டுவன மூன்று: விமானத்தின் எண், வாயிலின் எண், ஏறும் நேரம். ஈண்டுப் பலர் மயங்கும் இடம் ஒன்று உண்டு. டி 18 என்பது வாயில். 18 டி என்பது இருக்கை. எழுத்து முன் வரின் வாயிலென்றும், எண் முன் வரின் இருக்கையென்றும் ஸ்கிபோல் போன்ற நிலையங்களில் கொள்ளலாம். ஏறும் நேரம் வேறு, புறப்படும் நேரம் வேறு என்பதும் நினைவிலிருத்தற்குரியது. புறப்படும் நேரத்திற்கு முன்னரே வாயில் அடைக்கப்படும். அன்றியும், அச்சிட்ட வாயில் பின்னர் மாறுதலும் உண்டு. எனவே தாளை மட்டும் நம்பாது, ஆங்காங்குள்ள திரைகளில் விமானத்தின் எண்ணை அடிக்கடி ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இனி வழிகாட்டும் பலகைகளைப் பற்றிச் சில கூறுவோம். ஸ்கிபோலில் 1967 இல் புதிய மண்டபம் திறக்கப்பெற்றபோது, பென்னோ விஸ்ஸிங் என்பவர் அதற்குரிய பலகைகளை வகுத்தார். பிரயாணத்திற்கு இன்றியமையாத வழிகள் மஞ்சள் நிறப் பலகையில் கருநிற எழுத்தால் குறிக்கப்பெறுதல் அந்நிலையத்தின் அடையாளமாயிற்று. தன் விமானத்தை நாடி விரைபவன் மஞ்சளை மட்டும் நோக்கிச் சென்றாற் போதும். ஏனையவற்றை அவன் கண் கடந்து செல்லலாம். மொழி அறியாதார் பொருட்டுச் சித்திரக் குறிகளும் எழுந்தன. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் போக்குவரத்துத் துறைக்காக 1974 இல் 34 குறிகள் வரையப்பெற்றன; 1979 இல் அவை 50 ஆயின. பெட்டியின் உருவமும் விமானத்தின் உருவமும் எந்நாட்டவர்க்கும் ஒருபொருளே தருதலின், இவை எழுத்தில்லா எழுத்தாகப் பயன்படுகின்றன.

இடையில் விமானம் மாறுவோர்க்குச் சிறப்பாக அறியவேண்டுவன சில உள. பெட்டியிற் கட்டும் சீட்டில் அது சேரும் ஊர் மூன்றெழுத்தாற் குறிக்கப்பெறும், ஆம்ஸ்டர்டாமுக்கு ஏ.எம்.எஸ். என்பது குறி. அச்சீட்டில் இடையூரின் குறி உள்ளதா, இறுதியூரின் குறி உள்ளதா என்று முதலிலேயே பார்த்தல் நலம். அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் செல்வோர் முதலில் இறங்கும் நிலையத்தில், பெரும்பாலும், தம் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடந்து மீண்டும் ஒப்படைத்தல் வேண்டும். ஐரோப்பாவிலோ வேறொரு நுணுக்கம் உண்டு. 1985 இல் லக்ஸம்பர்க்கு நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரில் கையெழுத்தாகி 1995 முதல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையினால், அதிற் சேர்ந்த நாடுகள் எல்லைச் சோதனைக்கு ஒரு நாடு போல் ஆயின. ஆகவே டொராண்டோவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வழியே ரோமுக்குச் செல்பவர் ஆம்ஸ்டர்டாமிலேயே பாஸ்போர்ட்டுச் சோதனையைக் கடக்கின்றார். அவ்வழியே நைரோபிக்குச் செல்பவர்க்கோ அவ்வெல்லையைக் கடக்கவேண்டிய தேவையில்லை. முன்னவர் வரிசையில் நிற்கும் நேரத்தையும் கணக்கிட்டே டிக்கெட் வாங்குதல் வேண்டும்.

காலந்தாழ்த்தல் தம் ஒருவரையே சாரும் என்று எண்ணுவோரும் உளர். அஃது உண்மையன்று. 1985 ஜூன் 23 ஆம் நாள் ஏர் இந்தியா 182 ஆம் விமானம் அயர்லாந்துக்கு அருகே கடலின்மேற் பறக்கையில் வெடித்து, அதிலிருந்த 329 பேரும் மாண்டனர். குண்டிருந்த பெட்டியை ஒப்படைத்தவன் விமானத்தில் ஏறவில்லை. இத்தகைய கொடுமைகளின் பின்னர், உடையவர் ஏறாத பெட்டியைச் சர்வதேச விமானங்களில் அப்படியே விட்டுச் செல்லலாகாது என்னும் முறை வலுப்பெற்றது. எனவே ஒருவர் கடையில் நின்று தாமதிப்பாராயின், அவர் பெட்டியைத் தேடி இறக்கும்வரை நூற்றுக்கணக்கானோர் காத்திருக்க நேரும். விதிகள் வீணே நம்மை வருத்தற்கு எழுந்தனவல்ல. பலவற்றின் பின்னே துயர வரலாறு நிற்கின்றது.

இத்துணையும் எழுத்தறிந்தார்க்கே உரியன. கடல் கடந்து வாழும் மக்களைக் காணத் தனித்துச் செல்லும் முதியோர் பலர்க்கு ஆங்கில எழுத்தும் தெரியாது. நெடுந்தூரம் நடக்கவும் இயலாது. அவர்க்குப் பலகை யாது செய்யும்? மாறிய வாயிலைத் திரை காட்டும். ஆனால் கலங்கி நிற்கும் முகத்தைத் திரை காணாது. இக்குறையை ஓரளவு தீர்க்கச் சட்டமும் துணை செய்கின்றது. 2006 ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் ஒன்று, உடற்குறையாலோ முதுமையாலோ நடமாட்டம் குன்றியவர்க்கு நிலையத்தார் கட்டணமின்றி உதவவேண்டுமென விதிக்கின்றது. பயணத்திற்கு 48 மணி நேரத்திற்கு முன்னரே விமானக் கம்பெனிக்கு அறிவித்தல் வேண்டும். சக்கர நாற்காலி கேட்டல் நாணத்தக்கதன்று என்பதை வீட்டிலுள்ளோர் முதியோர்க்கு எடுத்துச் சொல்வாராக. விமானத்தின் எண்ணையும் சேரவேண்டிய ஊரையும் பெரிய எழுத்தில் எழுதி அவர் கையில் கொடுப்பாராக.

ஆற்றுப்படையில் வழி சொல்பவன் தன் பரிசிலோடு ஒதுங்கிச் செல்லவில்லை. எதிர்வந்தவனைக் கண்டு நின்றான். பலகைகளைப் படிக்கக் கற்ற நமக்கும் அக்கடன் உண்டு. தாளைக் கையிற் பிடித்துத் திரையை அண்ணாந்து நோக்கி நிற்கும் ஒருவரைக் காணின், நம் நேரம் இடந்தருமாயின், அவரை வாயில்வரை கொண்டுபோய் விடுவோமாக.