வக்கீல் படிப்புக்கு இங்கிலாந்தா? பர்ஸைக் காக்கும் 10 குறிப்புகள்

பிளஸ் டூ முடித்த கையோடு எல்எல்பி படிக்கப் பிள்ளையை இங்கிலாந்துக்கு அனுப்பப் போகிறீர்களா? ஃபீஸைக் குறைப்பது நம் கையில் இல்லை. மற்றதில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம்.

1. படித்துவிட்டு ஊருக்கே வந்து கறுப்பு கோட்டு மாட்டும் எண்ணமா? சேரப்போகும் பல்கலைக்கழகம் இந்திய பார் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திரும்பி வந்தபின் எழுதவேண்டிய தகுதித் தேர்வு, கூடுதல் படிப்பு பற்றியும் இப்போதே விசாரித்துவிடுங்கள்.

2. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டர்ஹாம் போன்றவை கேட்கும் எல்நாட் தேர்வை ஒரு சேர்க்கை வருடத்தில் ஒரு தடவைதான் எழுதமுடியும். கோச்சிங்குக்குக் கொட்டும் முன், தேர்வை நடத்துபவர்களே இலவசமாகத் தரும் மாதிரித் தாள்களை முடிக்கச் சொல்லுங்கள்.

3. விசாவுக்குக் காட்டும் தொகை தொடர்ந்து 28 நாள் குறையாமல் கணக்கில் இருக்கவேண்டும். மளிகைக்கும் பாலுக்கும் ஜிபே பண்ணுகிற கணக்கை இதற்கு வைத்துக்கொள்ள வேண்டாம்!

4. ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் சொந்தப் பணம் அனுப்பினால் டிசிஎஸ் என்ற வரியை வங்கியிலேயே பிடிப்பார்கள். வங்கிக் கல்விக்கடனுக்கு அது கிடையாது. பிடித்ததை வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள்.

5. வருடத்துக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணத்தை விசாவோடு கட்டிவிடுவதால், போய் இறங்கிய வாரமே ஜிபி எனப்படும் குடும்ப டாக்டரிடம் பதிந்துகொள்ளட்டும். பல்லுக்கும் கண்ணாடிக்கும் அங்கே தனிச் செலவு. இரண்டையும் இங்கேயே முடித்து அனுப்புங்கள்.

6. நெய், பால்கோவா, கறி ஊறுகாய் எல்லாம் ஏர்போர்ட்டிலேயே பறிபோகும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், கறிவேப்பிலைப் பொடி போதும். லண்டன் என்றால் மீதிக்கு ஈஸ்ட் ஹாம், வெம்பிளி தமிழ்க் கடைகள் இருக்கின்றன.

7. தலையணை கனத்துக்கு இருக்கும் பாடப்புத்தகங்களை சீனியரிடமோ லைப்ரரியிலோ வாங்கிக்கொள்ளலாம். வெஸ்ட்லா, லெக்ஸிஸ் என்ற சட்டத் தரவுத்தளங்கள் இரண்டும் பெரும்பாலும் பல்கலைக்கழக லாகினிலேயே திறக்கும். தேர்வறைக்குக் கொண்டுபோகும் சட்டத் தொகுப்பு மட்டும் புதுப் பதிப்பாக, கிறுக்கல் இல்லாமல் இருக்கட்டும்.

8. வாடகை வீட்டில் எல்லோருமே முழுநேர மாணவர்கள் என்றால் கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளாட்சி வரி இல்லை. பல்கலைக்கழகச் சான்றிதழைக் கவுன்சிலிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். வேலைக்குப் போகிற ஒருவரைச் சேர்த்தால் பில் வந்துவிடும், உஷார்!

9. லண்டன் சுப்ரீம் கோர்ட் விசாரணையைக் காசில்லாமல் உட்கார்ந்து பார்க்கலாம். கிளம்பும் முன் வீட்டிலிருந்தே நேரலையிலும் பார்க்கலாம். ஓல்டு பெய்லி குற்றவியல் கோர்ட்டுக்குப் போனால் செல்போனையும் பையையும் அறையிலேயே வைத்துவிட்டுப் போகட்டும், உள்ளே விடமாட்டார்கள்.

10. அங்கே சொலிசிட்டர் ஆக இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். பல்கலைக்கழகத்தின் இலவசச் சட்ட உதவி மையத்தில் செய்யும் வேலையும், முறைப்படி உறுதி செய்து வாங்கினால் அந்தக் கணக்கில் சேரும். ஆகவே, செய்த நாள்களையும் வேலையையும் ஒரு நோட்டில் அன்றன்றே குறித்துவரச் சொல்லுங்கள்.